டேங்க் என்னும் ஒற்றைச் சொல்லும் நம் நீர்நிலைகளும்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பிளவக்கல் திட்டத்தின் இரண்டு அணைகள் இருக்கின்றன. ஒன்று பெரியாறு அணை, மற்றொன்று கோவிலாறு அணை. இந்தப் பெரியாறு முல்லைப் பெரியாறு அன்று. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த ஒரு மலையாறு. 1970களில் கட்டப்பட்ட இவற்றில் முன்னது சுமார் 47 அடி, பின்னது சுமார் 42 அடி உயரம். ஊரார் இரண்டையும் சேர்த்துப் 'பிளவக்கல் டேம்' என்பார்கள். 2025 ஜூனில் பக்கத்து ஊரான கூமாபட்டியின் பெயர் கைபேசித் திரைகளில் பரவி, தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்ததும் இந்த டேமைத்தான்.

டேம் திறந்ததும் தண்ணீர் எல்லா வயலுக்கும் நேராகப் போய்விடுவதில்லை. ஒரு சிறு பகுதிக்குத்தான் நேரடிப் பாசனம். மீதித் தண்ணீர் ஆற்றில் இறங்கி, சுமார் 40 கண்மாய்களை நிரப்பி, அங்கிருந்து மடை வழியாக நெல்லுக்குப் போய்ச் சேரும். வத்திராயிருப்பு, கூமாபட்டி, சுந்தரபாண்டியம், கான்சாபுரம் என்று இந்த வட்டாரத்து விவசாயம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. மழை நன்றாகப் பெய்த ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு விவசாயிகள் சந்தித்தால் முதல் பேச்சு, "கம்மாய் பெருகிருச்சா? மறுகால் பாயுதா?" என்பதாகத்தான் இருக்கும்.

அதே ஊர்களில் நான்கு தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றும் உண்டு. காலையில் மோட்டாரைப் போட்டு, தெருக் குழாய்களுக்கு வால்வைத் திறந்துவிடும் ஊராட்சிப் பணியாளருக்கு 'டேங்க் ஆபரேட்டர்' என்று பெயர். கண்மாயின் மடையைத் திறந்து அடைத்து, வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுபவர் நீர்ப்பாய்ச்சி. ஊர்க்காரர் யாரும் இந்த இருவரின் வேலையையும் ஒன்றாக நினைத்ததில்லை. ஆனால் அரசாங்கத்தின் ஆங்கிலக் கோப்பில் நீர்ப்பாய்ச்சி பார்த்துக்கொள்ளும் நூறு ஏக்கர் நீர்ப்பரப்பும் டேங்க், ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளும் சிமெண்டுத் தொட்டியும் டேங்க். ஆண்டாள் கோயிலுக்குரிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளமும் டேங்க். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் நிரப்பும் இடமும், ஆவடியிலிருந்து புறப்பட்டு ராஜஸ்தான் மணலில் ஓடும் போர் வண்டியும் டேங்க்தான்.

இத்தனை பொருள்கள் ஒரு சொல்லில் எப்படி வந்து சேர்ந்தன என்பது சொல்லாராய்ச்சிக்காரர்களின் கேள்வி. அந்தச் சொல் நம் நீர்நிலைகளின் மேல் வந்து உட்கார்ந்தபின் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது நம் கேள்வி. முதல் கேள்விக்கு விடை தேடாமல் இரண்டாவதற்குள் நுழைய முடியாது.

ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்காமல் 1882இலேயே இறந்துவிட்டார். அவரும் ஹென்றி யூலும் டேங்க் என்ற சொல்லைக் குழப்பம் தரும் சொற்களின் வரிசையில் வைத்தார்கள். அதற்கு ஓர் இந்தியப் பிறப்பும் ஓர் ஐரோப்பியப் பிறப்பும் இருப்பதுபோலத் தெரிந்தது அவர்களுக்கு. இன்றுவரை நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

இந்தியப் பிறப்பு மேற்குக் கரையில் இருக்கிறது. குஜராத்தியில் 'டாங்கு', மராத்தியில் 'டாங்கே' என்பவை நிலத்தடியில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நீர்த்தொட்டியைக் குறிப்பவை. அகமதாபாத்தின் பழைய வீடுகளில் முற்றத்துக்கு அடியில் இவை உண்டு; கூரையில் விழும் மழைநீரை இறக்கி, ஆண்டு முழுதும் குடிக்க வைத்துக்கொள்வார்கள். போர்பந்தரில் காந்தி பிறந்த வீட்டிலும் அப்படி ஒரு நிலத்தொட்டி உண்டு. மராட்டியக் கோட்டைகளில் பாறையைக் குடைந்து வெட்டிய தொட்டிகளுக்கும் இதே பெயர். சமஸ்கிருதத்தின் 'தடாக' என்ற சொல்லிலிருந்து இவை வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன, உறுதியாகச் சொல்வதில்லை. அது சரியென்றால், நாம் செய்யுளிலும் சினிமாப் பாட்டிலும் பழகிய தடாகமும் மாடியில் இருக்கும் டேங்க்கும் ஒரு குடும்பம்.

ஐரோப்பியப் பிறப்பு போர்த்துகீசியத்தில் இருக்கிறது. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து 'எஸ்டாங்க்கே', அதன் முன்னெழுத்துகள் தேய்ந்து 'டாங்க்கே'. 1498இல் வாஸ்கோ ட காமாவோடு கோழிக்கோட்டில் இறங்கியவர்களில் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில், அவர்கள் தேவாலயம் என்று நினைத்துக்கொண்டு நுழைந்த கோயிலும் அதன் அருகே கல் அடுக்கிக் கட்டிய பெரிய குளமும் வருகின்றன. அந்தக் குளத்தை அவர் டாங்க்கே என்றே எழுதினார். இந்தியாவில் கால் வைத்து ஓரிரு வாரம்கூட ஆகாத ஒரு கடலோடி குஜராத்திச் சொல்லைக் கற்றுக்கொண்டு எழுதியிருக்க முடியாது. ஆகவே போர்த்துகீசியருக்கு அது சொந்தச் சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனில் ஆங்கிலேயர் யாரிடமிருந்து எடுத்தார்கள்? ஆங்கில எழுத்தில் இந்தச் சொல் வரத் தொடங்குவது 17ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில். கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்தில் பண்டகசாலை வைத்த காலம் அது. மேற்குக் கரைத் துறைமுகங்களில் அப்போது வணிகப் பேச்சு மொழிகளில் ஒன்று போர்த்துகீசியம். தரகர்களின் மொழி குஜராத்தி. ஒரு மொழிக்காரர் டாங்க்கே என்கிறார், இன்னொருவர் டாங்கு என்கிறார், இருவரும் கைகாட்டுவது தண்ணீரை. கேட்டவன் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்திருக்கும். இரண்டு ஊற்றுகள் ஒரே வாய்க்காலில் கலந்தன என்று கொள்வதே பொருத்தம். ஒன்றைத் தள்ளி இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கச் சான்று இல்லை.

இந்த இடத்தில் தமிழ் ஆர்வலர் சிலர் 'தாங்கல்' என்று குரல் கொடுப்பது வழக்கம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப் பெயர்களில் இருக்கும் அந்தச் சொல் சிறு ஏரியைக் குறிப்பதுதான். ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. ஆனால் ஒலி ஒத்துவருவது மட்டும் வழிமுறைக்குச் சான்று ஆகாது. ஆங்கிலேயர் சென்னையில் நிலம் பெற்றது 1639இல். அதற்கு முன்பே மேற்குக் கரையில் இந்தச் சொல்லை அவர்கள் எழுதிவிட்டார்கள். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குள் போனதற்கு நேரான சான்று இருக்கிறது. பாசனத்துறையிலேயே தமிழ் கொடுத்தவை குறைவில்லை: அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று, பாசனப் பரப்பாகிய ஆயக்கட்டு 'அயகட்' ஆயிற்று, மிகுநீர் வழியும் கலிங்கல் (கலுங்கு) 'கலிங்குலா' என்று உருமாறி ஹாப்சன் ஜாப்சனில் ஏறியது, ஊரார் கூடி நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்து 1858ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தோடு சேர்ந்து பொறியாளர்களின் ஆங்கிலத்தில் நிலைத்தது. இத்தனை உறுதியான கொடைகள் இருக்கும்போது சான்றில்லாத ஒன்றுக்காக மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலிலேயே ஒன்று கவனிக்கத்தக்கது. அணைக்கும் கலிங்கலுக்கும் ஆயக்கட்டுக்கும் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்ட ஆங்கிலேயப் பொறியாளர்கள், இவை மூன்றையும் தனக்குள் வைத்திருக்கும் நீர்நிலைக்கு மட்டும் தமிழிலிருந்து சொல் எடுக்கவில்லை. தெற்கே வரும்போதே அவர்களிடம் மேற்குக் கரையில் வாங்கிய சொல் ஒன்று தயாராக இருந்தது. நிலத்தடித் தொட்டிக்கும் கோயில் குளத்துக்கும் பிறந்த சொல்லை, கரை கட்டி மழையை மறித்த ஏரிக்கும் கண்மாய்க்கும் இழுத்துப் போர்த்திவிட்டார்கள்.

தமிழில் இவற்றுக்குப் பகுப்பு உண்டு. வடக்கே காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கம் பாசன நீர்நிலை ஏரி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகரில் கண்மாய், வாய்ப்பேச்சில் கம்மாய். திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் போனால் அதுவே குளம். நம் வட்டாரம் கண்மாய்க்கும் குளத்துக்கும் இடையில் கிடப்பதால் இரண்டும் கலந்து கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வத்திராயிருப்பிலும் 'பெரியகுளம் கண்மாய்' உண்டு. குளம் என்று பெயர் வைத்து, கண்மாய் என்று இனம் சொல்லும் வழக்கம் இது. வத்திராயிருப்புப் பக்கத்திலேயே விராகசமுத்திரம் கண்மாய் இருக்கிறது; கட்டியவர்கள் அதைக் கடலுக்கு நிகராக நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குடிப்பதற்கென்று வைத்தது ஊருணி. அதில் மாடு குளிப்பாட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. சாமி தெப்பம் ஏறுவது தெப்பக்குளம். ஆடுமாடு தண்ணீர் குடிப்பது குட்டை. ஏந்தல், தாங்கல் சிறிய பாசன நீர்நிலைகள். பாறையில் ஊறுவது சுனை. நீரை எதற்காகத் தேக்கினார்கள், யார் இறங்கலாம், கரையை யார் செப்பனிட வேண்டும், மீன்பாசி ஏலப் பணம் யாருக்கு என்பதெல்லாம் இந்தப் பெயர்களோடு ஒட்டியே வந்தது. ஊருணிக்கு ஒரு சட்டம், கண்மாய்க்கு ஒரு சட்டம் என்று ஊரே வைத்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரி வாரியம் தனி, தோட்ட வாரியம் தனி என்று ஆட்களைப் பிரித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த ஏரி வாரியமும் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'டேங்க் கமிட்டி' ஆகிவிட்டது. இன்று அதைப் படிக்கும் வெளியூர் மாணவர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு குழு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் போன வேகத்தை இனிச் சற்று விரைவாகப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஆலைகள் பெருகியபோது திரவம் வைக்கும் எந்தப் பெரிய கலமும் டேங்க் ஆயிற்று. ரயில் எஞ்சினுக்கும் கப்பலுக்கும் டேங்க் வந்தது. எண்ணெய் ஏற்றிப் போகும் கப்பலே டேங்கர் ஆனது. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கழிவுநீரை மட்கவைக்கும் தன் தொட்டிக்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் நீச்சல்குளத்தையும் டேங்க் என்றார்கள். அங்கே அணிந்த கைகளில்லா உடையிலிருந்து டேங்க் டாப் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூளைக்குக் கேலிப்பெயராக இருந்த திங்க் டேங்க், பிறகு ஆய்வு நிறுவனங்களின் பெயராகி, தமிழில் சிந்தனைக் குழாம் ஆனது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை அடைக்கும் காவல்நிலைய அறையும் அமெரிக்காவில் டேங்க். வேண்டுமென்றே ஆட்டத்தில் தோற்பதும் டேங்க். மூடிய கலம் என்ற ஒரே எண்ணம் இவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுகிறது.

போர் வண்டிக்கு இந்தப் பெயர் வந்த கதை மட்டும் வேறு. முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டின் கடைசியில், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு போர்த்திய புது வண்டி ஒன்று ரகசியமாக உருவாகிக்கொண்டிருந்தது. 'நிலக் கப்பல்' என்று எழுதினால் ஒற்றர்கள் புரிந்துகொள்வார்கள். பெரிய இரும்புப் பெட்டிபோல இருந்ததால் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று. மெசபடோமியாப் போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கலங்கள் என்று தொழிலாளர்களிடம் சொல்லப்பட்டதாகவும் வரலாறு உண்டு. அந்தப் பாலைவனப் போர்முனையில் அப்போது தண்ணீருக்குத் தவித்தவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதால் பொய் எடுபட்டிருக்கும். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதல் இறங்கியபோது ரகசியம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பது ஆண்டுக்குள் அந்த வண்டி ஆவடிக்கு வந்து, 1965இல் விஜயந்தா என்ற பெயரில் நம் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது.

இவ்வளவு சுற்றிவிட்டு அந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது தமிழ் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டது. போர் வண்டியை நம் செய்தித்தாள்கள் டாங்கி என்றும் பீரங்கி வண்டி என்றும் எழுதுகின்றன. தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் டேங்க். ஏரியையோ கண்மாயையோ தமிழ் பேசும் விவசாயி எவரும் டேங்க் என்று சொன்னதில்லை. ஆங்கிலம் ஒன்றாக்கியதைத் தமிழ்ப் பேச்சு ஒருநாளும் ஏற்கவில்லை என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாடியில் கறுப்பு நிறத்தில் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கு 'சின்டெக்ஸ்' என்றே பெயராகிவிட்டது. அந்த நிறுவனம் 1975இல் அத்தொட்டிகளைச் செய்யத் தொடங்கியது குஜராத்தின் கலோலில். டாங்கு என்ற சொல் புறப்பட்ட அதே மண்ணிலிருந்து பொருளும் வந்து நம் மாடியில் ஏறியது.

இலங்கைத் தமிழர் இன்னும் அழகான வழி கண்டிருக்கிறார்கள். எரிபொருள் தாங்கி, நீர்த்தாங்கி, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் என்று அவர்கள் எழுதுவது, ஆங்கில ஒலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தாங்கு என்ற தமிழ் வினையில் பொருளைப் பெறுகிறது. பாசன நீர்நிலைக்கு அவர்களிடம் குளம்தான்: இரணைமடுக் குளம், மன்னாரின் கட்டுக்கரைக் குளம். பின்னதை ஆங்கிலத்தில் ஜயண்ட்ஸ் டேங்க் என்பார்கள். சிங்களப் பகுதிகளிலோ வெவ என்ற சொல் ஆங்கில வரைபடத்திலும் அப்படியே நிற்கிறது. திஸ்ஸ வெவ என்றே எழுதுகிறார்கள். உள்ளூர்ச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் யாருக்கும் புரியாமல் போய்விடாது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

டேங்க் என்ற சொல்லுக்குள் சாதியும் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று இன்றைய மராட்டிய மாநிலத்தின் மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு நடந்து சென்று சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆங்கிலத்தில் அது சவ்தார் டேங்க். பொதுக் குளத்தில் நீர் அள்ளும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சட்டப்படி இருந்தும் ஊர் விடவில்லை என்பதுதான் வழக்கு. 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்புக்குக் குடிநீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதுவும் டேங்க். குளத்தில் இறங்கவிடாத காலத்தைக் கடந்துவிட்டோம், குழாயில் எல்லார் வீட்டுக்கும் ஒரே தண்ணீர் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள், தொட்டிகூடத் தெருவுக்குத் தெரு தனியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அன்று பார்த்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க்கில் இறங்கி நச்சுவாயு தாக்கி இறந்தவர்கள் எந்தச் சாதியினர் என்பதையும் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. தொகை உயர்ந்துகொண்டு போவதே சாவு நிற்கவில்லை என்பதைக் காட்டுகிறது. குடிக்கும் நீரின் தொட்டியில் நுழைய விடாமலும் கழிவின் தொட்டியில் இறங்க வைத்தும் ஒரே மக்களை வாட்டிய வரலாறு இந்தச் சொல்லைப் பற்றிய எந்த அகராதிப் பதிவிலும் இல்லை. இருக்க வேண்டும்.

இனி நம் கண்மாய்க்கு வருவோம். டேங்க் என்று சொன்னால் அடியும் சுவரும் உள்ள ஒரு கலம் மனத்தில் எழும். கலத்தின் பெருமை அதன் கொள்ளளவு. எத்தனை லிட்டர், எத்தனை கன அடி? அடியில் மண் படிந்தால் அள்ளிவிட்டால் சரியாகிவிடும். கண்மாயைப் பார்க்கும் விவசாயியின் கண் இப்படி ஓடாது. மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் திறந்திருக்கிறதா, கரை உறுதியாக இருக்கிறதா, மடைக் குமிழி ஒழுகுகிறதா, கலுங்கு தாண்டிய மறுகால் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார். கண்மாய் என்ற சொல்லே 'கண்வாய்' என்பதிலிருந்து திரிந்தது என்று கூறுவோர் உண்டு. நீர் போகும் கண்ணையும் வாயையும் வைத்துப் பெயர் வந்ததாக அவர்கள் கருதுகிறார்கள். அது சரியோ தவறோ, பயன்படுத்துவோர் பார்வைக்கு அது பொருந்துகிறது. பிளவக்கல் அணையிலிருந்து கிழக்கே இறங்கும் கண்மாய் வரிசையில் நடுவில் ஒன்று கெட்டால் அதன் கீழுள்ளவை காயும். தனித்தனியாக நாற்பது தொட்டிகள் என்று எண்ணினால் இந்தத் தொடர்பு கணக்கில் வராது.

1883இல் சென்னை மாகாணம் டேங்க் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதற்காகப் பொறியாளர்கள் ஒவ்வொரு நீர்நிலையின் நீர்ப்பிடிப்புப் பரப்பையும் கரையையும் கலுங்கையும் அளந்து எழுதினார்கள். அந்த உழைப்பு பெரியது. இன்றைய பதிவேடுகளுக்கு அது முன்னோடி. ஆனால் அவர்கள் வகுத்த வரிசையில் பெயர் ஒன்றே, எண் மட்டும் வேறு. இன்று தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கு மேற்பட்ட டேங்க்குகள் என்று எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. ஏரி எத்தனை, கண்மாய் எத்தனை, குளம் எத்தனை என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த எண் அறிந்த ஒரே பகுப்பு ஆயக்கட்டைப் பொறுத்தது: 40 ஹெக்டேருக்கு மேல் பாய்ந்தால் பொதுப்பணித் துறையிடம் இருந்து இப்போது நீர்வளத் துறைக்கு வந்தவை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம்.

சென்னையில் டேங்க் என்ற சொல் பல இடங்களில் பெயரளவுக்கே நிற்கிறது. மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த லாங் டேங்க்கை 1920களில் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை இருக்கிறது, டேங்க் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையில் நின்று பார்த்தால் லேக் தெரியாது. செம்பரம்பாக்கம் டேங்க் இப்போது ஆங்கிலத்தில் செம்பரம்பாக்கம் லேக். லேக் என்றால் இயற்கையாக அமைந்த அழகான நீர்ப்பரப்பு. அதற்கு ஆயக்கட்டும் இல்லை, பாசன விவசாயியும் இல்லை. டேங்க் என்ற சொல் பன்மையை அழித்தது. ஆனாலும் கரை கட்டிய மனிதரை அது மறைக்கவில்லை. லேக் அவரையும் மறைத்துவிட்டு, கரையோரத்தில் அடுக்குமாடி விற்கிறது. இரண்டில் எதை ஏற்பது என்றால் நான் டேங்க்கையே ஏற்பேன். ஏரி என்று எழுத முடியும்போது இரண்டுமே வேண்டாம்.

சொல்லைப் பற்றிய இந்தக் கவலை நீதிமன்ற வாசல்வரை போகிறது. 2007இல் தமிழ்நாடு சட்டமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற ஒரு சட்டம் இயற்றியது. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது டேங்க். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் மேலாண்மையிலும் உள்ள டேங்க்குகளுக்காக எழுதப்பட்டது. ஊராட்சி ஒன்றியத்தின் சிறு கண்மாய்க்கும், ஊர்ப் பொது ஊருணிக்கும், கோயிலின் தெப்பக்குளத்துக்கும், மாடு குடிக்கும் குட்டைக்கும் அதில் இடம் இல்லை. அவற்றில் வீடு எழுந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையும் வேறு வழிகளையும் நாட வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் விழுங்கிய சொல், சட்டத்தில் மிகக் குறுகியதாகிவிட்டது. ஊருணியை மீட்க மனு எழுதும் ஓர் ஊர்க்காரர் ஆங்கிலத்தில் அதை டேங்க் என்று எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று எழுந்து நிற்பார்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று நகரத்தை ஒட்டிய கண்மாய்களே அதிகம் நெருக்கப்படுகின்றன. சாக்கடை திரும்பி அவற்றுக்குள் வருகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, வரத்துக்கால் தெருவாகிறது. இவற்றைச் சரிசெய்யத் திட்டம் போடும்போது முதலில் வரும் செலவுக் கணக்கு தூர்வாருவதுதான். கொள்ளளவை ஏற்றிக் காட்டலாம், மண் லாரியைக் கண்ணால் பார்க்கலாம். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு மீண்டும் தொடங்கிய திட்டத்திலும் கரையும் மடையும் சீரமைக்கும் வேலைகள் நடந்தன. ஆனால் விவசாயிகள் கூட்டங்களில் மறுபடி மறுபடி எழும் கோரிக்கை வரத்துக்காலை அளந்து எல்லைக்கல் நடச் சொல்வது. அதற்கு லாரிகூட வேண்டாம். சர்வேயரும் பழைய வரைபடமும் போதும்.

பிளவக்கல் பாசனத்தில் இருக்கும் கண்மாய்கள் சுமார் நாற்பதே என்பதால், நீர்நிலைகளை அவற்றின் சொந்தப் பெயரில் பதிந்து பார்க்க அது நல்ல களம். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஊர் வழங்கும் பெயர், எந்த ஆற்றிலிருந்து எந்தக் கால் வழியாக நீர் வருகிறது, எத்தனை மடை, ஒவ்வொரு மடையின் பெயர், கலுங்கு எந்தத் திசையில், மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, நீர்ப்பாய்ச்சி இருக்கிறாரா, மீன்பாசி ஏலம் யார் பொறுப்பு என்று தமிழில் எழுதி, அதையே ஆங்கில எழுத்திலும் கண்மாய், குளம், ஊருணி என்றே பதியலாம். வத்திராயிருப்பு வட்டாரத்து முதியவர்கள் பலருக்கு மடைப் பெயர்கள் இன்னும் மனப்பாடம்; அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விவரம் இது.